குண்டின் வேகத்தை அளந்தவர்



கடலூரை அடுத்துக் கெடில ஆற்றின் கரையில் தேவனாம்பட்டினம் என்றோர் ஊர் உண்டு. சரித்திரப் பாடத்தில் நீங்கள் படிக்கும் செயின்ட் டேவிட் கோட்டை அங்கேதான் இருந்தது. 1758-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்து இடித்துவிட்டது. சில இடிபாடுகளே எஞ்சின. அக்கோட்டையின் பெயரைச் சொன்னால் நம் நினைவுக்கு வருபவர் ராபர்ட் கிளைவ். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் கிளைவ் அல்லர். 1751-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் அக்கோட்டையில் உயிர் நீத்த பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் கணித அறிஞர். துப்பாக்கிக் குண்டு என்ன வேகத்தில் பறக்கிறது என்பதை நம்பத்தக்க முறையில் முதன்முதலாக அளந்து காட்டியவர் அவரே.

இவரைப் பற்றி நான் அறிந்துகொண்டதற்குக் காரணமாக இருந்தவன் ஒரு மாணவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்துவந்தேன். ஒருநாள் எறிபொருள்களின் இயக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் அழகான பரவளைவு ஒன்றை வரைந்து, "ஒரு வினாடிக்கு 1,700 அடி வேகத்தில் 45 பாகைச் சாய்வில் புறப்படும் குண்டு எவ்வளவு தொலைவு செல்லும்?" என்று கணக்குக் கொடுத்தேன். விடை ஏறக்குறைய 17 மைல். பின் வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்தான். அவனுடைய தந்தையார் பயிர்க்காவலுக்காக உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த ஓர் உழவர். "ஐயா, எங்கள் அப்பா சுட்டால் குண்டு எதிர்க் கரட்டையே எட்டாதே. பதினேழு மைல் எப்படிப் போகும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நான், "காற்றின் தடையைப் புறக்கணிக்க வேண்டும் என்று கணக்கிலேயே சொல்லியிருக்கிறது, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய தந்தையார் தம் துப்பாக்கியைச் சோதிக்கும் முறையை நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். மூங்கில் கணுவை நறுக்கிச் செய்த சிறு அளவையால் மருந்தை அளந்து குழலில் இடுவார். பழம்பலகை ஒன்றை மரத்தில் சார்த்திச் சுடுவார். பிறகு, பலகையில் விழுந்த துளைக்குள் தென்னை ஈர்க்கை நுழைத்து, குண்டு எத்தனை விரற்கடை ஆழம் புகுந்திருக்கிறது என்று பார்ப்பார். ஆழம் குறைந்திருந்தால் மருந்து ஈரம் கோத்துவிட்டது என்பார். அவருக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. எனினும், தம் கையால் இட்ட மருந்தின் வலிமையைத் தாமே சோதித்தறிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஈர்க்குக்கும் ராபின்ஸ் கண்ட கருவிக்கும் உள்ள உறவை நான் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

மருந்தைச் சோதிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து ஒருநாள் இருந்தபடி மறுநாள் இருப்பதில்லை. உப்பு தூய்மையற்றதாயின் ஈரத்தை ஈர்க்கும். கரி எந்த மரத்தினது என்பதற்கேற்ப எரியும் விரைவு மாறும். ஆதலால் மருந்து வாங்கிய அரசுகள் யாவும் அதைச் சோதித்தே வாங்கின. வெள்ளைத் தாளின்மீது ஒரு சிட்டிகை மருந்தைக் கொளுத்திப் பார்ப்பர்; தாள் கருகாமலும் கறைபடாமலும் இருப்பின் நல்ல மருந்து. சிறு குழலில் மருந்தை இட்டு, வெடிக்கும்போது அது பற்சக்கரம் ஒன்றை எத்தனை பல் தள்ளுகிறது என்று பார்க்கும் கைக்கருவியும் இருந்தது. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1686-இல், இதற்கெனவே ஒரு குட்டிப் பீரங்கியை விதித்தார்கள். மூன்று அவுன்ஸ் மருந்து, அறுபது ராத்தல் எடையுள்ள உலோக உருண்டையைக் குறித்த தொலைவுக்கு எறிய வேண்டும். எறியாத மருந்தைத் திருப்பி அனுப்பிவிடுவர்.

இவையெல்லாம் ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு ஒப்பிட உதவின. ஆனால் குண்டு குழலைவிட்டுப் புறப்படும்போது அதன் வேகம் என்ன என்ற கேள்விக்கு எதுவும் விடை கூறவில்லை. கண்ணால் காண முடியாத ஒன்றை எப்படி அளப்பது? அக்காலத்தில் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரமும் இல்லை.

வேகம் தெரியாததனால் நேர்ந்த தீங்கு பெரிது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில், காற்றில்லாத வெளியில் எறிபொருள் பரவளைவில் செல்லும் என்று காட்டினார். அவரே, மிகுந்த வேகத்தோடு செல்லும் பீரங்கிக் குண்டுகளுக்கு இது பொருந்தாமற் போகலாம் என்று எச்சரித்தும் இருந்தார். பின்வந்த பீரங்கி நூலாசிரியர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டுப் பரவளைவை மட்டும் பிடித்துக்கொண்டனர். காற்று மெலிதான பொருள், ஈயமும் இரும்பும் கனமானவை, ஆதலால் தடை பொருட்படுத்தத் தக்கதன்று என்பது அவர்கள் துணிபு. நியூட்டன் 1687-இல் பாய்பொருள்களின் தடையைப் பற்றி விரிவாக எழுதிய பிறகும் இந்தத் துணிபு அசையவில்லை. (நானும் அந்த வரிசையில் வந்தவன்தான் என்பதை நீங்கள் இப்போது கண்டிருப்பீர்கள்.)

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தில் பாத் நகரில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் சமயத்தினர், வசதி குறைந்தவர்கள். போரே கூடாது என்னும் கொள்கையுடைய குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கிக் கலையின் தந்தையானது வாழ்க்கையின் விளையாட்டுகளுள் ஒன்று. இருபது வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். லண்டனில் மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1741-இல் உல்விச்சில் ராணுவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அங்கே ஆசிரியராக விரும்பினார்; கிடைக்கவில்லை. மறு ஆண்டிலேயே, 1742-இல், பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் என்னும் பொருள்பட்ட தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். வேலை மறுக்கப்பட்டவர் எழுதிய அந்த நூலை அடுத்த நூறு ஆண்டுகள் ஐரோப்பிய ராணுவக் கல்லூரிகள் படித்தன.

அந்நூலில் அவர் விளக்கிய கருவி ஓர் ஊசல். மூன்று கால்கள் நாட்டி, அவற்றின் தலையில் ஓர் அச்சைப் பொருத்தி, அந்த அச்சிலிருந்து கீழே ஓர் இரும்புத் தகட்டையும் அதன்மேல் கனத்த மரக்கட்டையையும் தொங்கவிட்டார். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 56 ராத்தல். துப்பாக்கியால் அக்கட்டையைச் சுட்டால் குண்டு மரத்தில் புதைந்து நின்றுவிடும். ஊசல் பின்னுக்கு ஆடும். ஊசலின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி, அதைக் கீழேயுள்ள சட்டத்தின் பிளவு வழியாகத் தளர்வாக விட்டிருந்தார். ஊசல் பின்வாங்கும்போது நாடாவை இழுத்துச் செல்லும். திரும்பும்போது நாடா இழுத்த அளவிலேயே நிற்கும். பிறகு அளவுகோலை எடுத்து நாடாவை அளக்க வேண்டியதுதான். ஈர்க்கு இருந்த இடத்தில் நாடா வந்திருக்கிறது, பாருங்கள்.

இதில் அடங்கிய சூட்சுமம் யாது? குண்டின் எடை ராத்தலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கட்டையோ அதைப் போல 670 மடங்குக்கும் மேல் கனமானது. மோதலுக்கு முன்னும் பின்னும் உந்தம் மாறாது என்பது நீங்கள் படித்ததே. ஆதலால் வேகம் அத்தனை மடங்கு குறைந்துவிடும். வினாடிக்கு 1,640 அடி செல்லும் குண்டு ஊசலில் புதைந்ததும், இரண்டும் சேர்ந்து வினாடிக்கு இரண்டு மூன்று அடி வேகத்தில் நகரும். அது கையை வீசிக்கொண்டு மெல்ல நடப்பவனுடைய வேகம். கண்ணுக்குப் பிடிபடாத விரைவை நடைவேகமாக்கி, நாடாவில் அளந்துவிட்டார் ராபின்ஸ். துல்லியமான கணக்கில், அச்சிலிருந்து குண்டு பட்ட இடத்தின் தொலைவு, ஊசலின் அலைவு நேரம் முதலியவற்றையும் சேர்க்க வேண்டும், அவர் சேர்த்திருக்கிறார். ஒரு சோதனையில் நாடா 17¼ அங்குலம் இழுபட்டது. குண்டின் வேகம் வினாடிக்கு 1,641 அடி என்று கணக்கிட்டார்.

இனி, அந்தப் பையனுடைய கேள்விக்கு வருகிறேன். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ராபின்ஸ் ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, ஒரே வகைக் குண்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, ஊசலை மட்டும் துப்பாக்கியிலிருந்து 25 அடி, 75 அடி, 125 அடி என்று தள்ளித் தள்ளி நிறுத்திச் சுட்டார். கிடைத்த வேகங்கள் முறையே ஏறத்தாழ 1,670, 1,550, 1,425 அடி. முதல் ஐம்பது அடிக்குள் 120 அடி வேகம் குறைந்துவிட்டது. இவ்வளவு தூரத்தில் இவ்வளவு வேகத்தைக் குறைக்க என்ன விசை வேண்டும் என்று நீங்கள் போட்டுப் பாருங்கள். குண்டின் எடையைப் போல ஏறக்குறைய 120 மடங்கு வரும். அதாவது முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டின்மேல் காற்று பத்து ராத்தல் விசையோடு எதிர்த்து அழுத்துகிறது. பொருட்படுத்தத் தக்கதன்று என்று நூலோர் ஒதுக்கியது, குண்டின் எடையை நூறு மடங்குக்கு மேல் விஞ்சிய விசை. பரவளைவின்படி 17 மைல் செல்ல வேண்டிய அத்தகைய குண்டு உண்மையில் அரை மைலைக் கூட எட்டுவதில்லை என்று ராபின்ஸே எழுதியிருக்கிறார். பையன் சொன்னது சரி. நான் உட்காரச் சொன்னது தவறு.

அவர் இன்னொன்றையும் கண்டார். ஒலியின் வேகத்தை ஒட்டியும் அதற்கு மேலும் செல்லும் குண்டுக்குக் காற்றின் தடை திடீரென ஏறி, மெதுவான வேகங்களின் விதிப்படி எதிர்பார்ப்பதைப் போல மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. விமானங்கள் ஒலியின் வேகத்தை நெருங்கிய இருபதாம் நூற்றாண்டில் பொறியியலாளர்கள் போராடிய சிக்கலின் முதற் சுவடு, ஒரு மரக்கட்டையிலும் நாடாவிலும் 1740-களிலேயே பதிந்துவிட்டது.

அடுத்து, உருண்டைக் குண்டு ஏன் நேரே செல்லாமல் பக்கவாட்டில் விலகுகிறது என்று ஆராய்ந்தார். குழலுக்குள் ஒரு பக்கமாக உராய்ந்து வருவதால் குண்டு சுழல்கிறது. அச்சுழற்சியே காற்றில் அதை வளைக்கிறது என்று ஊகித்தார். ஊகத்தோடு நிற்கவில்லை. ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கமாகச் சற்றே வளைத்தார். வழியில் மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் விலகிச் சென்று, பிறகு வலப்பக்கமாக வளைந்து, இறுதியில் குறிக்கு வலப்புறத்தில் பட்டது. வளைந்த குழலிலிருந்து வந்த குண்டு வளைவுக்கு எதிர்ப்பக்கத்தில் விழுந்த அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் சுழற்பந்து காற்றிலேயே திசை மாறி வருவதற்கும் இதுவே காரணம். இதன் தொடர்ச்சியாக 1747-இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், மரை வெட்டிய குழலே இதற்குப் பரிகாரம் என்றார். மரையால் குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்வதால் பக்கவாட்டில் விலகாது. எந்த நாடு இதை நன்கு உணர்ந்து தன் படைக்கு அத்தகைய துப்பாக்கிகளை அளிக்கிறதோ அது போர்க்களத்தில் பெரும் மேம்பாடு அடையும் என்றும் முன்கூட்டிச் சொன்னார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அது அப்படியே நிறைவேறியது.

ராபின்ஸின் நூல் ஜெர்மனிக்குச் சென்ற கதை சுவையானது. மாபெரும் கணித மேதை ஆய்லருடைய நூல் ஒன்றை ராபின்ஸ் 1739-இல் கடுமையாகக் கண்டித்திருந்தார். அந்த ஆய்லர் 1745-இல் ராபின்ஸின் நூலைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைப் போலப் பன்மடங்கு நீண்ட விளக்கங்களையும் எழுதிச் சேர்த்தார். பகையைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. ஆயினும் ஊசலின் அருமையை அவர் மனமார ஏற்றுக்கொண்டார். சுழற்சியால் குண்டு விலகும் என்பதை மட்டும் அவர் ஒப்பவில்லை. குண்டு செம்மையான உருண்டையாக இல்லாததே காரணம் என்றார். அவ்விடத்தில் ராபின்ஸ் சொன்னதே சரியென்று பிற்காலச் சோதனைகள் காட்டின. ஆய்லரின் பதிப்பை லொம்பார் என்பவர் 1783-இல் பிரெஞ்சில் பெயர்த்தார். அவர் ஒசோன் நகரப் பீரங்கிப் பள்ளியின் ஆசிரியர்; அங்கே பயின்ற இளம் அதிகாரிகளுள் ஒருவர் நெப்போலியன்.

1746-இல் ராயல் சொசைட்டி தன் மிக உயர்ந்த பரிசான காப்ளி பதக்கத்தை ராபின்ஸுக்கு வழங்கியது. அதே ஆண்டில்தான் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகள். ஆயினும் அவரை நம் கரைக்குக் கொண்டுவந்தது பின்னதே. 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியபோது, கோட்டைகள் போதிய வலிமையற்றவை என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விளங்கியிருந்தது. அவற்றைத் திருத்தி அமைக்க ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தினர். அக்காலத்தில் கம்பெனியாட்சியின் தலைமையிடம் கடலூரிலேயே இருந்தது. 1750 ஜூலையில் அவர் அங்கே வந்து இறங்கினார்; வானத்தை ஆராய்வதற்குரிய கருவிகளையும் உடன் கொண்டுவந்திருந்தார். இரு கோட்டைகளுக்கும் திட்டங்கள் வகுத்தார். சில மாதங்களிலேயே காய்ச்சல் கண்டது. தேறி எழுந்தார், ஆனால் பழைய வலிமை திரும்பவில்லை. மறு ஆண்டு ஜூலையில், கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கையிலேயே, கையில் எழுதுகோலோடு இறந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். வயது நாற்பத்து நான்கு. ஒரு மாதம் கழித்துக் கிளைவ் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டார். சரித்திர நூல்களும் அவர் பின்னாலேயே போய்விட்டன.

ஊசல் மட்டும் நிற்கவில்லை. உல்விச்சில் சார்லஸ் ஹட்டன் அதைப் பெரிதாக்கிப் பீரங்கிக் குண்டுகளையே அளந்தார். 1860-களில் மின்சாரம் ஊசலின் இடத்தைப் பிடித்தது. பெல்ஜிய அதிகாரி லெ பூலாஞ்சே செய்த கருவியில், குண்டு முதற்கம்பித் திரையை அறுத்ததும் மின்காந்தத்தில் தொங்கிய நீண்ட கோல் விழத் தொடங்கும். இரண்டாம் திரையை அறுத்ததும் ஒரு குட்டைக் கோல் விழுந்து, கத்தி ஒன்றைத் தட்டிவிடும். கத்தி, விழுந்துகொண்டிருக்கும் நீண்ட கோலில் ஒரு வடு இடும். வடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே காலத்தின் அளவு. விழும் பொருளின் விதி தெரிந்தவனுக்குக் கடிகாரமே வேண்டாம்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த மருத்துவர் பிராங்க்ளின் மான் என்பவர், வேட்டைத் துப்பாக்கி ஏன் ஒரே புள்ளியில் சுடுவதில்லை என்ற கேள்வியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1909-இல் ஒரு நூல் வெளியிட்டார். மனிதக் கையின் நடுக்கத்தை நீக்கக் காங்கிரீட்டுத் தூண் ஒன்றை நாட்டித் துப்பாக்கியை அதன்மேல் பொருத்தினார்; அசையாத அந்தத் தூணுக்கு ஜிப்ரால்டர் என்று பெயரும் வைத்தார். ராபின்ஸைப் போலவே தாள் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். குண்டின் மூக்கைச் சிதைத்தால் நேரும் பிழையைவிட அதன் அடிப்பாகத்தைச் சிதைத்தால் நேரும் பிழை மிகப் பெரிது என்று காட்டினார். கூர்முனைதான் முக்கியம் என்று எண்ணுகிற நமக்கு இது வியப்பான செய்தி.

இன்று நம் நாட்டில் வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அது முடிந்த கதை. வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில், தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வேட்டைக்காரர் பலர் உண்டு. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைத் துப்புரவு செய்து, புதிய பற்றவைப்பான் பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்து இட்டு, மேலே குண்டைப் பதிக்கின்றனர். பிறகு சுடுதளத்துக்குச் சென்று சோதிக்கின்றனர். குழலின் எதிரே ஒளியால் இயங்கும் இரு உணர்கண்கள். குண்டின் நிழல் அவற்றைக் கடக்கும் இடைவேளையைக் கொண்டு வேகத்தைக் கருவி எண்ணாகவே காட்டிவிடுகிறது. ஒரே அளவில் நிறுத்த மருந்தும் பத்து வேட்டில் பத்து வேகம் காட்டும். வேறுபாடு சிறிதாக இருப்பதே நல்ல தோட்டாவின் இலக்கணம். மருந்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுவார்கள். பித்தளைக் கூடு வெளியே வர மறுத்தாலோ, பற்றவைப்பான் நசுங்கித் தட்டையானாலோ, அழுத்தம் எல்லை மீறுகிறது என்று அறிந்து நிறுத்திவிட வேண்டும். அச்சிட்ட அட்டவணை இருந்தும், ஒரு துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா அதே வகையான மற்றொரு துப்பாக்கிக்கு ஏற்பதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் குழலிலேயே சுட்டுப் பார்த்தாக வேண்டும். மலையடிவாரத்து உழவர் மூங்கில் அளவையோடு செய்ததும் இதுதான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கோடை வகுப்புக்குச் சென்றிருந்தபோது, நூலகத்தில் பழைய விஞ்ஞான வரலாற்று நூல் ஒன்றில் ராபின்ஸின் ஊசலைப் பற்றிப் படித்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஊர் திரும்பியதும் அந்தப் பையனைத் தேடினேன். அவன் அப்போது கல்லூரி விடுமுறையில் வந்திருந்தான். 25, 75, 125 என்று மூன்று தூரங்களையும் மூன்று வேகங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "நீ அன்று கேட்டதற்கு விடை இது" என்றேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டான். 120 மடங்கு என்று விடை வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "அப்பா, பலகையை எத்தனை அடி தள்ளி வைத்துச் சுடுவீர்கள்?" என்று கேட்டான்.